தேக்கு மேசைக்கு டூ-பேக் பி.யூ. பாலிஷ்: முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டு மேசை படுகிற பாட்டை வீட்டில் வேறு எந்த மரச்சாமானும் படுவதில்லை. கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்த சாம்பார் பாத்திரம், அடியில் ஈரம் சொட்டும் டம்ளர், சிந்திய மஞ்சள் குழம்பு, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஈரத்துணி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்க்கும் பழைய ஸ்பிரிட் பாலிஷ் அழகில் யாருக்கும் தாழ்ந்ததல்ல. ஆனால் சூடான டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸால் செய்த என்.சி. லாக்கர் சற்றுத் தாங்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பேஸ் ஒரு டப்பாவிலும் ஹார்ட்னர் இன்னொரு டப்பாவிலுமாக வரும் டூ-பேக் பாலிஷ் தேவைப்படுகிறது.

இந்த வழிகாட்டிக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: ஐந்தடிக்கு மூன்றடி தேக்கு மேசை, அதற்கு டூ-பேக் பி.யூ., அதாவது பாலியூரித்தேன், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், ஸ்ப்ரே கன்னில். கட்டில், அலமாரிக் கதவு, வெனீர் ஒட்டிய பிளைவுட் எல்லாவற்றுக்கும் முறை இதேதான். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

இரண்டு டப்பா ஏன்?

இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் கட்டுப்பாடுகள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்பிரிட் பாலிஷில் ஸ்பிரிட் பறந்துபோகும், அரக்கு மரத்தில் தங்கும். மறுபடி ஸ்பிரிட் ஊற்றினால் அரக்கு மறுபடி கரையும். பி.யூ. அப்படிக் காய்வதில்லை. பேஸில் இருப்பது பாலியால், ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். இரண்டும் கலந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு யூரித்தேன் என்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் 1937-இல் கண்டுபிடித்த வினை இது. பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலையோடு சேர்ந்தால் எதிலுமே இல்லாத சிவப்பு வருவதுபோல, மரத்தின் மேல் புதிதாக ஒரு பொருள் உருவாகிறது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலை அது. தின்னர் ஊற்றினாலும் திரும்பக் கரையாது.

ஆகவே ஹார்ட்னர் என்பது சீக்கிரம் காய வைக்கும் மருந்து அல்ல, படலத்தில் அதுவும் ஒரு பங்கு. கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் கல் மாதிரி ஆகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். கூடினால் மிச்சமான ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து படலத்தை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். குறைந்தால் வலை பின்னி முடியாமல் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். நகத்தால் கீறினால் பள்ளம் விழும்.

ஈரம் ஏன் எதிரி என்பதும் இதிலிருந்தே தெரியும். ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், படலத்தில் குமிழி நிற்கும். ஆல்கஹாலையும் அது விடாது. என்.சி. தின்னரில் பொதுவாக ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் இருக்கும். விலை குறைவு என்று அதைப் பி.யூ.வில் ஊற்றினால் ஹார்ட்னரில் ஒரு பகுதி தின்னரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சில வாரம் கழித்து மேசை மென்மையாகவே இருப்பது தெரியவரும். அதனால் பி.யூ.வுக்குப் பி.யூ. தின்னர் மட்டும்தான்.

கடையில் எதைக் கேட்டு வாங்குவது

டூ-பேக் என்றாலே பி.யூ. என்று அர்த்தமில்லை. மெலமைன் பாலிஷும் இரண்டு டப்பாவில்தான் வரும். ஆனால் அதன் ஹார்ட்னர் ஒரு அமிலம், வினையைத் தூண்டிவிடுவதற்கு மட்டும் இருப்பது. அளவும் குறைவு. மெலமைன் விலை குறைவு, நன்றாகக் கெட்டிப்படும். ஆனால் காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவந்து கண்ணையும் மூக்கையும் எரிக்கும். குழந்தைகள் தூங்கும் அறைக் கட்டிலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமிலத்தை இரும்பு டப்பாவில் கலக்கவும் கூடாது. துளை அடைக்கச் சாக் பவுடர் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். சாக் என்பது கால்சியம் கார்பனேட், அமிலத்தை அது செயலிழக்கச் செய்யும். அந்தப் பூச்சின் மேல் மெலமைன் அடித்தால் காயாமல் நிற்கும் ஆபத்து உண்டு.

எபாக்சி, பலகைகளுக்கு நடுவே ஆறுபோலக் கெட்டியாக ஊற்றும் ரிவர் டேபிள்களுக்கானது. வெயில் பட்டால் மஞ்சளாகும், மெல்லிய பூச்சாக அடிக்க ஏற்றதும் அல்ல. பாலியெஸ்டர் கண்ணாடிபோன்ற கனத்த பளபளப்பு தரும். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள ஈட்டி மரம், தேக்கு போன்றவற்றின் மேல் நேரடியாக அடித்தால் காய்வது தடைபடலாம், முதலில் ஐசொலான்ட்டே என்ற தடுப்புப் பூச்சு வேண்டும். அது அனுபவமுள்ள பட்டறை வேலை. புதிதாகத் தொடங்குபவர்கள் கைவைக்க வேண்டாம்.

பி.யூ.வுக்குள்ளேயே ஒரு தேர்வு உண்டு. ஹார்ட்னரில் அரோமாட்டிக் வகை சீக்கிரம் காயும், விலையும் குறைவு, ஆனால் நாளடைவில் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் வகை நிறம் மாறாமல் நிற்கும். தேக்கின் பழுப்பில் மஞ்சள் பெரிதாகத் தெரியாது, அதனால் உள் அறை மேசைக்கு முதல் வகை போதும். வெளிர் நிற ஆஷ் வெனீரோ வெள்ளை பெயின்ட் ஃபினிஷோ என்றால் மஞ்சளாகாத வகைதான் என்று கேட்டு வாங்குங்கள். வெயிலும் மழையும் படும் தலைவாசல் கதவுக்கு, வெளிப்புறத்துக்கென்றே செய்த பி.யூ. வேண்டும். உள் அறைப் பி.யூ.வை அங்கே அடித்தால் வெடித்துச் செதில் செதிலாக உரியும்.

பேஸ், ஹார்ட்னர், தின்னர், அடிப்பூச்சான சீலர் நான்கையும் ஒரே கம்பெனியில், ஒரே தொடரில் வாங்குங்கள். ஒன்றின் பேஸுக்கு இன்னொன்றின் ஹார்ட்னர் என்று கலக்க வேண்டாம். சில தொடர்களில் சீலருக்கு ஒரு ஹார்ட்னரும் டாப் கோட் என்ற மேல்பூச்சுக்கு இன்னொன்றும் இருக்கும், லேபிளைப் பார்த்துப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது போன்ற பழைய பர்மா தேக்குச் சாமான் கையில் இருந்தால் இந்த டப்பாக்களைத் திறக்கவே வேண்டாம். அரக்குப் பாலிஷின் மேல் அரக்கையே திரும்பத் தேய்த்துப் புதுப்பிக்கலாம். பி.யூ. அடித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

மூச்சைக் காப்பது

ஐசோசயனேட் என்றதும் 1984 போபால் நினைவுக்கு வரும். அங்கே கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட், எளிதில் ஆவியாகும் சிறிய மூலக்கூறு. பாலிஷ் ஹார்ட்னரில் இருப்பது பெரும்பாலும் கனமான பாலி ஐசோசயனேட், டப்பாவில் இருக்கும்போது அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. ஆனால் ஸ்ப்ரே கன் அதை நுண்துளியாக்கி நேராக நுரையீரலுக்கு அனுப்பிவிடும். ஐசோசயனேட் மூலம் வரும் ஆஸ்துமா தொழில்சார் நோய்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் போவதில்லை. தோலில் பட்டும் இது வரலாம்.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் எத்தனையோ பிள்ளைகளைப் பட்டறைகளில் பார்க்கலாம். கைக்குட்டையோ கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கோ இதற்கு எந்த வகையிலும் உதவாது. குறைந்தபட்சம் கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜும் அதன் முன் நுண்துகள் வடிகட்டியும் உள்ள அரைமுக மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது, பயன் இல்லை. ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருந்தாலும் வாசனை வராது. ஆகவே வாடை வந்தால் கார்ட்ரிட்ஜ் மாற்றலாம் என்ற கணக்கு செல்லாது. கம்பெனி சொல்லும் கால அளவுக்கு மாற்றிவிட வேண்டும். தினமும் ஸ்ப்ரே அடிப்பதே தொழில் என்றால், வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க்தான் சரி. முதலாளிகள் இதைச் செலவாகப் பார்க்கக் கூடாது.

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. தின்னர் ஆவி தீப்பிடிக்கும், ஆகவே பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. குடியிருக்கும் வீட்டுக்குள் ஸ்ப்ரே வேண்டாம். கொட்டகையிலோ பட்டறையிலோ அடித்து, வாடை அடங்கியதும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

நாள் பார்ப்பது

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் அன்றைக்கு அடிக்க வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் அதிக விலை இல்லை, ஒன்று வாங்கிக் கொட்டகையில் மாட்டிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வேலையைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். மார்கழி விடியற்காலையில் பனி இறங்கும். தை பிறந்து பங்குனி வரை, வெயில் ஏறிய பிறகான காலை நேரம் எனக்குப் பிடித்தது. கத்திரி வெயிலில் பிரச்சினை வேறு மாதிரி: மேல்தோல் சட்டென்று காய்ந்துவிட, அடியில் இருக்கும் தின்னர் வெளியேற வழியில்லாமல் ஊசித்துளை போடும். அந்தக் காலத்தில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்கி, மதிய நேரத்தைத் தவிருங்கள்.

மரத்தின் ஈரமும் முக்கியம். இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மீட்டரில் 12 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். பச்சை வாடை போகாத மரத்தில் எவ்வளவு நல்ல பி.யூ. அடித்தாலும், மரம் சுருங்கும்போது இணைப்புகளில் படலம் கீறிவிடும்.

படி 1: மரத்தைத் தயார் செய்தல்

பழைய பாலிஷ் இருந்தால் மரம் தெரியும்வரை எடுத்துவிடுங்கள். என்.சி. லாக்கர் அல்லது பெயின்ட் மேல் பி.யூ. அடித்தால், அதன் தின்னர் அடிப்பூச்சை ஊற வைத்துச் சுருக்கிவிடும். சிலிக்கான் கலந்த ஃபர்னிச்சர் ஸ்ப்ரே போட்டுத் துடைத்த மேசையாக இருந்தால், தேய்ப்பதற்கு முன்பே தின்னரில் நனைத்த துணியால் துடைத்துத் துணியை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். முதலில் உப்புத்தாள் போட்டால் சிலிக்கான் மரத்துக்குள் இறங்கிவிடும்.

உப்புத்தாள் வரிசை 120, 150, 180, கடைசியில் 220. ஒவ்வொரு நம்பரிலும் முந்தையது போட்ட கீறல் முழுக்கப் போகும்வரை மர ரேகையோடு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடு சீலர் பட்டதும் பளிச்சென்று தெரியும். தட்டையான பலகைக்குக் கையை மட்டும் நம்பாமல் ஒரு கட்டையில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். 220-க்கு மேலே போக வேண்டாம், மரம் மெருகேறிவிட்டால் பூச்சு பிடிக்காது. கூர்மையான விளிம்புகளை லேசாக மழுக்குங்கள். கூர் விளிம்பில் திரவம் நிற்காமல் விலகி ஓடும், முதலில் உரிவதும் அங்கேதான்.

இணைப்பில் பிதுங்கி நிற்கும் ஃபெவிகாலை உளியால் சுரண்டுங்கள். அதை விட்டுவிட்டு, மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினைப் போட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். தேக்கில் வைரம் என்ற கருத்த உள்மரமும் வெள்ளை என்ற வெளிமரமும் கலந்த பலகை வந்திருந்தால் நிறத்தைச் சமப்படுத்த ஸ்டெயின் வேண்டியிருக்கும். பி.யூ.வுக்கு ஒத்துப்போகும் ஸ்டெயின் வாங்குங்கள். டர்பென்டைனில் கரைத்த பெயின்ட் கலவையைத் தடவும் பழக்கம் இங்கே வேண்டாம். ஸ்பிரிட் அல்லது தண்ணீர் ஸ்டெயின் என்றால் ஓர் இரவு முழுக்கக் காய விடுங்கள்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சீலர் அடிப்பதற்குச் சற்று முன்பு பி.யூ. தின்னரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்து, தின்னர் பறந்ததும் தாமதிக்காமல் முதல் கோட்டை அடியுங்கள். நேற்றுத் துடைத்தது இன்றைக்கு உதவாது, எண்ணெய் மறுபடி மேலே வரும்.

படி 2: கலப்பது

முழு வேலையின் விதியும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. கண்ணளவு வேண்டாம். கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை அல்லது டிஜிட்டல் தராசு எடுங்கள். டப்பாவில் 2:1 என்று போட்டிருந்தால் அது கன அளவா எடையா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. 1:1, 4:1, 10:1 என்றும் பொருள்கள் வருகின்றன. பக்கத்துப் பட்டறையில் சொன்ன விகிதத்தை விட டப்பாவில் அச்சிட்டதே வேதம்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே கலக்குங்கள். ஐந்தடிக்கு மூன்றடி மேசைப் பலகை ஏறத்தாழ 1.4 சதுர மீட்டர். ஒரு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால், மரத்தில் படிய வேண்டியது சுமார் 170 கிராம். சாதாரண ஸ்ப்ரே கன்னில் பாதி காற்றோடு போகும் என்று வைத்துக்கொண்டால் 340 கிராம். அப்படியானால் 200 மில்லி பேஸ், 100 மில்லி ஹார்ட்னர், 60 மில்லி தின்னர், மொத்தம் 360 மில்லி. ஒரு கோட்டுக்கு இது போதும். கால்களுக்குத் தனியாகக் கலந்துகொள்ளலாம். மிஞ்சியதை எடுத்துவைக்க முடியாது என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பதே லாபம்.

முதலில் பேஸ் டப்பாவை அடிவரை கிளறுங்கள். மேட் பேஸில் பளபளப்பைக் குறைக்கும் சிலிக்கா தூள் அடியில் உறைந்திருக்கும். அதைக் கிளறாமல் ஊற்றினால் முதல் கோட் பளபளப்பாகவும் கடைசிக் கோட் வெள்ளை பூத்தும் வரும். குலுக்க வேண்டாம், குமிழி சேரும். பேஸை அளந்து ஊற்றி, அதில் ஹார்ட்னரை ஊற்றி, ஓரத்தையும் அடியையும் வழித்து இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். அதன்பின் தின்னர். கலவையின் பதத்தை அளக்கும், அடியில் ஓட்டையுள்ள ஃபோர்டு கப் இருந்தால் பி4 அளவுக் கப்பில் 18 முதல் 20 வினாடிக்குள் ஓடும் பதம் ஸ்ப்ரேவுக்குச் சரியாக இருக்கும். பத்து நிமிடம் வைத்துக் குமிழி அடங்கியதும், மெல்லிய நைலான் வலையில் வடிகட்டிக் கன்னில் ஊற்றுங்கள்.

கலந்த நிமிடத்திலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிட்டது. கலவை பயன்படும் காலத்தைப் பாட் லைஃப் என்பார்கள். பல பி.யூ.க்களுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது மிதமான வெப்பத்துக்கான கணக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் வினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். சித்திரை மாதத்து மதுரைத் தகரக் கொட்டகையில் அந்த நேரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள். கெட்டியாகத் தொடங்கிய கலவையில் தின்னர் ஊற்றி ஓட்ட முயலாதீர்கள். தளர்ந்ததுபோல் தெரியும், ஆனால் உள்ளே பின்னிய வலை பின்னியதுதான். தண்ணீரில் கரையும் டூ-பேக் பி.யூ. வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பலவற்றில் நேரம் கடந்த பிறகும் கெட்டியாவதே தெரியாது, கடிகாரம்தான் சாட்சி.

படி 3: சீலர்

மரத்தின் துளையை நிரப்பி டாப் கோட்டுக்குத் தளம் போடுவது சீலர். முதல் கோட்டை வழக்கத்தை விடக் கொஞ்சம் தளர்வாகக் கலந்து மெல்லியதாக அடியுங்கள், நார் எல்லாம் எழுந்து நிற்கும். காய்ந்ததும் 320 தாளால் லேசாகத் தடவிவிட்டால் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். அதன்மேல் இரண்டு முழுக் கோட்.

துளையை முழுக்க அடைப்பதா, மர ரேகையின் பள்ளம் கைக்குத் தட்டுப்படும்படி விடுவதா என்பது ருசியைப் பொறுத்தது. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் திறந்த துளை அழகு, மரம் மரமாகத் தெரியும். சாப்பாட்டு மேசைப் பலகைக்கு நான் மூடிய துளையைத்தான் சொல்வேன், ஏனென்றால் திறந்த துளையில் மாவும் எண்ணெயும் போய்த் தங்கும். அதற்குச் சீலர் மூன்று நான்கு கோட் ஆகலாம். ஒவ்வொன்றையும் சமமாகத் தேய்த்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பள்ளம் மினுங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும்.

சீலர் காய்ந்துவிட்டதா என்பதற்கு உப்புத்தாளே சோதனை. தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிர வேண்டும். உருண்டை உருண்டையாகத் தாளில் ஒட்டினால் இன்னும் நேரம் வேண்டும். மூலைகளில் அழுத்தித் தேய்த்து மரத்தையே தொட்டுவிடாமல் பாருங்கள், ஸ்டெயின் போய் வெள்ளைத் திட்டு விழும்.

பலகையின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மேல்பக்கம் அடைபட்டு அடிப்பக்கம் திறந்திருந்தால், ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கிப் பலகை வளையும். அடியிலும் குறைந்தது இரண்டு கோட் சீலர் கட்டாயம்.

படி 4: டாப் கோட்

டாப் கோட்டுக்கு முன் 320 அல்லது 400 தாளால் முழுப் பரப்பையும் ஒரே மாதிரி மங்கலாக்குங்கள். பளபளப்பாக ஒரு திட்டு மிஞ்சினாலும் அந்த இடத்தில் பிடிப்பு இருக்காது. காய்ந்த பி.யூ.வின் மேல் புதுக் கோட் கரைந்து ஒட்டாது, கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த கோட் அடித்தால் தேய்க்காமலே ஒட்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் தேய்த்தே ஆக வேண்டும். தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதி, பிசின் தடவிய தூசித்துணியால் மெல்ல எடுத்து, தரையில் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் கழித்துத் தொடங்குங்கள். தண்ணீர் மேசைமேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், மேலே கப் உள்ள வகை. காற்றழுத்தம் 2.5 முதல் 3 பார். கம்ப்ரசர் தொட்டியில் சேர்ந்த தண்ணீரை முதலில் திறந்து வடித்துவிடுங்கள், குழாயில் நீர்ப்பிடிப்பான் இருக்கட்டும். நம் கடற்கரை ஊர்களில் இதை மறந்தால் குமிழி நிச்சயம். ஒரு துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்துவிட்டு மேசைக்கு வாருங்கள். முதலில் விளிம்புகள், பிறகு மேல்பக்கம். கன்னைப் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டை வீசாமல் முழுக்கையையும் நகர்த்துங்கள். ட்ரிக்கரைப் பலகைக்கு வெளியே இருக்கும்போதே அழுத்தி, மறுபக்கம் பலகையைத் தாண்டிய பிறகே விடுங்கள். ஒவ்வொரு பட்டையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். அடித்த இடம் ஈரமாக, ஒரே கண்ணாடிப் பரப்பாகத் தெரிவதுதான் அளவு. கால்களில் திரவம் வழியும், ஆகவே அங்கே மெல்லியதாக இரண்டு தடவை.

மேட் டாப் கோட் ஒன்று அல்லது இரண்டு போதும். கடைசிக் கோட் அடித்த பிறகு, தூசி தெரிகிறதென்று விரலால் எடுக்கப் போகாதீர்கள். பளபளக்கும் கிளாஸ் ஃபினிஷ் என்றால் ஒரு வாரம் கழித்து 1500, 2000 வாட்டர் பேப்பர் போட்டுக் காம்பவுண்டால் மெருகேற்றிக்கொள்ளலாம். மேட்டை மெருகேற்றினால் திட்டுத் திட்டாக மினுங்கும். அதனால் மேட்டில் கடைசிக் கோட் முதல் தடவையே சரியாக வர வேண்டும்.

ஸ்ப்ரே வசதி இல்லாதவர்கள் நல்ல பிரஷ்ஷால் அடிக்கலாம். நுண்துளி மூச்சில் போகும் ஆபத்து குறைவு என்பது அதன் நன்மை. மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்து, ரேகையோடு ஒரே திசையில் இழுத்து, திரும்பத் திரும்பத் தடவாமல் விட்டுவிடுங்கள். சின்ன ஸ்டூல், அலமாரித் தட்டு, படச்சட்டம் என்றால் தாராளமாகச் செய்யலாம். பெரிய மேசைப் பலகையில் பிரஷ் தடம் மறையாது.

முடிந்த கையோடு கன்னைத் தின்னரில் கழுவுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று வைத்தால் நாசில் உள்ளே இறுகிவிடும், அப்புறம் எந்தத் தின்னரும் அதைக் கரைக்காது.

கோளாறுகளும் காரணங்களும்

வட்ட வட்டமாகப் பூச்சு விலகி மரம் தெரிந்தால் சிலிக்கான் அல்லது எண்ணெய். கம்ப்ரசர் எண்ணெயும் காரணமாக இருக்கலாம். காய விட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி அடிக்க வேண்டும். ஆரஞ்சுப் பழத் தோல்போல் புள்ளி புள்ளியாக வந்தால் கலவை கெட்டி, அல்லது கன் தூரம் அதிகம். ஊசித்துளை என்றால் கனத்த கோட், சூடு, அல்லது முந்தைய கோட் காயாமல் அடித்தது. பால்போல் வெண்மை பூத்தால் காற்றின் ஈரம்.

மறுநாளும் பிசுபிசுத்தால் ஹார்ட்னர் அளவில் தவறு, பழைய ஹார்ட்னர், அல்லது வேறு தின்னர். இதற்கு மேலே இன்னொரு கோட் அடித்துச் சரிசெய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் இருப்பது காயப்போவதில்லை, மேலே அடித்ததும் அதன் மேல் நிற்காது. சுரண்டி எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து வருவதைத் தவிர வழியில்லை. அப்படிச் சுரண்டும்போது ஹாட் ஏர் கன் பயன்படுத்த வேண்டாம். பி.யூ.வை அதிகமாகச் சூடாக்கினால் ஐசோசயனேட் மறுபடி வெளிவரும்.

காய்ந்த பிறகு

அரை மணி நேரத்தில் தூசி ஒட்டாது, மறுநாள் தூக்கி நகர்த்தலாம். ஆனால் உள்ளே வலை பின்னி முடிய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கண்ணாடி, பிளாஸ்டிக் விரிப்பு, சூடான பாத்திரம் எதுவும் வைக்க வேண்டாம். விருந்து நாளுக்கு முந்தைய தினம் பாலிஷ் முடித்துத் தரச் சொல்லும் வீட்டுக்காரர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. முழுக்க இறுகிய பிறகும் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைக்கக் கூடாது, ஒரு பிரிமணை இருக்கட்டும். மஞ்சள் சிந்தினால் உடனே துடையுங்கள், லேசாகக் கறை தங்கினாலும் வெயில் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும்.

மீந்த ஹார்ட்னரைச் சிறிய, கிட்டத்தட்ட நிரம்பும் டப்பாவுக்கு மாற்றி இறுக மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறைவு. கலங்கியோ ஜெல்லாகவோ மாறிவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் பட்ட ஹார்ட்னரையும் கலந்த மிச்சத்தையும் இறுக மூடிவைக்காதீர்கள், வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும். திறந்தபடி வெளியே வைத்துக் கல்லாக இறுகிய பிறகு அப்புறப்படுத்துங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

வருடங்கள் கழித்து மேசையில் கீறல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது, புதுப் படலத்தின் ஓரம் கோடாகத் தெரியும். கீறல் மரம் வரை போகவில்லை என்றால் பலகை முழுவதையும் 400 தாளால் மங்கலாக்கி, துடைத்து, ஒரே ஒரு டாப் கோட் அடித்தால் போதும். அதற்காகவே, எந்தக் கம்பெனி, எந்தத் தொடர், எத்தனை சதவீத மேட், எந்த ஸ்டெயின் என்பதை மேசையின் அடிப்பக்கத்தில் எழுதிவையுங்கள்.